எப்போதும் ஒன்று மிஞ்சும்

எதைப் பிரித்து மாட்டினாலும்
எனக்கு ஒரு ஸ்க்ரூ மிஞ்சும்.
அயர்ன் பாக்ஸில் ஒன்று,
கிரைண்டரில் இரண்டும் ஒரு வாஷரும்.
பெட்டி சுடுகிறது, மாவு அரைகிறது.
அப்படியானால் இவை எதற்கு இருந்தன என்று
கம்பெனிக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்க்கிறேன்.
பெலிக்ஸ் அதைக் குலுக்கிக் காட்டுவான்:
"ரெஜி, இவ்வளவும் உனக்குக் கழண்ட மரை."

குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் ஃப்ரீசரில் அரை மணி.
நாலாவது தடவை பலிக்காது, தெரியும்.
ஆனால் மூன்று தடவை என்பது இரண்டு மாதம்.
மிக்ஸி கப்ளர்
செவ்வாய்ப்பேட்டையில் முப்பத்தைந்து ரூபாய்,
ஆள் வந்து மாட்டினால் முந்நூறு.
நானே உட்கார்ந்தேன்.
கழற்றக் கழற்ற இறுகியது.
அதற்கு மரை தலைகீழ் என்று
ஒரு மணி நேரம் கழித்துப் புரிந்தது.
கல்யாணத்துக்கு முன்னால்
இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

புது ஸ்கூட்டர் தவணை நோட்டீஸ்
ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது.
பிடித்திருப்பது செத்த ஸ்பீக்கரின் காந்தம்.
மாதம் மூவாயிரத்து நூறு, பெலிக்ஸ் கணக்கு.
என் எக்ஸெல் சூப்பருக்குப் பத்தொன்பது வயது.
டேங்க் கசிந்த இடத்தில் பார் சோப்பு தேய்த்தது
தற்காலிகம்தான். மூன்று வருடத் தற்காலிகம்.

திங்கட்கிழமை மழையில் ஏற்காடு ஏறினேன்,
மிளகு கோடவுனில் பில் போடும் வேலைக்கு.
பதினோராவது கொண்டை ஊசியில்
பெட்ரோல் வாசம், அப்புறம் மௌனம்.
கார்புரேட்டர் கிண்ணம் ஒற்றை ஸ்க்ரூவில்
பால் பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.
இன்னொன்று எந்த வளைவில் விழுந்ததோ.

எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார்,
கர்நாடகா நம்பர், வாய் திறந்து நின்றது.
"மஞ்சள் லைட் எரியுது மேடம்,
உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"
எட்டிப் பார்த்தேன்.
முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி.
திருகுவதற்கு ஒரு தலைகூட வெளியே இல்லை.
"இதுல கை வைக்கவே விடலையே சார்" என்றேன்.

பர்ஸில் சில்லறையோடு ஒன்று கிடந்தது,
அன்று காலை டேபிள் ஃபேனைத் துடைத்து மாட்டியதில் மிஞ்சியது.
கொஞ்சம் ஒல்லி.
பால் கவரைக் கிழித்து மரையில் இரண்டு சுற்று.
சாவி முனையால் முடுக்கினேன்.
அதுவரை எனக்குக் குடை பிடித்தவர் அவர்தான்.
தன் தோள் நனைவதை அவர் கவனிக்கவில்லை;
கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஏழாவது மிதியில் வண்டி இருமியது.
மேலே போய் யாரையாவது அனுப்புகிறேன் என்றேன்.
அனுப்பினேன். வந்தார்களா, தெரியாது.

ராத்திரி
டேபிள் ஃபேன் கடகடவென்று தலையாட்டியது.
பெலிக்ஸ் புரண்டு படுத்தான்.
"இதுல ஒரு ஸ்க்ரூ இல்லையா?"
"வேலைக்குப் போயிருக்கு" என்றேன்.