எழுபத்திரண்டில் ஒரு பங்கு

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கடலோரம் ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கும்,
நான் தூரிகையைத் தூக்கிக்கொள்வேன்.
பாணந்துறை வண்டி போனபின்
ஐந்து நிமிடம் கிடைக்கும்,
ஒரு டயலுக்கு முள் வரைய.

பெட்டிக்குள் வந்தது இவ்வளவுதான்:
இரண்டு இருக்கை, இரண்டு தடி,
நகத்தளவு கருவிப் பலகை,
அதன்மேல் ஒட்ட ஒரு டெக்கால்.
கூடவே முகமில்லாத இரண்டு விமானிகள்,
கைகளை முழங்காலில் வைத்தபடி,
பல் பிடுங்க வந்து காத்திருப்பவர்கள் போல.

வெளிநாட்டிலிருந்து பித்தளைத் தகடு எடுப்பிக்கலாம்.
ஒவ்வொரு சுவிட்சும் வர்ணத்தோடு வரும்.
சுங்கத்தோடு பதினோராயிரம்;
மகளின் டியூஷன் இரண்டு மாதம் ஓடும் அதில்.
இல்லையென்றால் மூடியை ஒட்டி
உள்ளே கறுப்படித்துவிடலாம்.
பலர் அப்படித்தான். குற்றமில்லை.

"உள்ளுக்கை ஆர் எட்டிப் பாக்கப்போயினம்?"
என்றாள் யசோதினி,
மீனுக்குப் புளி கரைத்தபடி.

இந்த விமானத்தின் வயிறு எனக்கு மனப்பாடம்.
சியாமாச்செட்டி என்போம்,
ஏதோ வட்டிக்கடைக்காரரின் பெயர் போல.
பத்து வயதில், பதுங்குகுழியில்,
பனங்குற்றி இடுக்கால் ஒரு கீற்று வானம்.
இறக்கையின் கீழ் எத்தனை தொங்குகிறது,
திரும்பிப் போகையில் எத்தனை,
அந்தக் கழித்தலில் நான் பிழை விட்டதில்லை.
அடிப்பாகத்தை
ஒரு படமும் பாராமல் அடித்து முடித்தேன்.
மேலே தெரியாது.
மேலே ஆள் இருந்தான் என்று
அப்போது தோன்றவே இல்லை.
அது தானாக வரும், மழை மாதிரி.

ஞாயிறு, ரத்மலானை நூதனசாலை.
கயிற்றுக்கு அப்பால் நின்றது.
ஊர் டாக்குத்தரின் மொரிஸ் மைனருக்கு
இறக்கை முளைத்தது போல அவ்வளவு சின்னதாய்.
"மஹத்தயா, லங்கட்ட யன்ன எபா."
கிட்டப் போகவில்லை. எட்டிப் பார்த்தேன்.
காரில் போல அருகருகே இருக்கை.
முழங்கை இடிபட்டிருக்கும்.
பகிடி விட்டிருப்பார்கள்.
ஒருவனுக்குத் தடிமன் பிடித்திருக்கும்.
இடப்பக்க ரெக்சினில் ஒரு கிழிசல்,
யாரோ கறுப்பு நூலால் தைத்தது,
அவசரத் தையல், நெருக்கமில்லை.
அதை மட்டும் பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன்.

பித்தளை வேண்டாம் என்று முடிவு.
டெக்காலை ஒட்டி, ஒவ்வொரு டயலிலும்
ஊசி நுனியால் ஒரு சொட்டு நகப்பூச்சு,
அதுதான் கண்ணாடி.
பனடோல் அட்டையின் தாளில்
அரை மில்லிமீற்றர் பட்டிகள்.
தையலுக்கு நூலில்லை:
இந்த அளவில் ஒரு தலைமயிரே தேர்வடம்.
நான்கு கறுப்புப் புள்ளி வைத்தேன்.

விமானிகளுக்குக் கண் வரையக்கூடாது,
நிழல் போதும் என்பார்கள்.
ஒருவனுக்கு வரைந்து பார்த்தேன்.
திகைத்தபடி என்னைப் பார்த்தான்.
இருவரையும் தீப்பெட்டிக்குள் போட்டேன்.

மிச்சம், பட்டிகள்.
பூட்டி வைத்தால் புறப்படப் போகிறது.
அவிழ்த்து விட்டால் இறங்கிவிட்டார்கள்.
மூன்று இரவு,
இடுக்கியின் நுனியில் அதையே பிடித்திருந்தேன்.
ஒரு பட்டி மூச்சில் பறந்து
தரைவிரிப்பில் போனது, இன்னும் அகப்படவில்லை.
கடைசியில் அவிழ்த்தேன்.
ஒன்று இருக்கையில் சுருண்டு கிடக்கிறது,
ஒன்று விளிம்பால் வெளியே தொங்குகிறது.
கீழே இரண்டு குண்டும் மாட்டியபடியே.
மேலே ஆளில்லை.
தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கலாம்.
இனி வராமலும் விடலாம்.

மூடியை ஒட்டவில்லை.

யசோதினி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.
"சீற்றில தையல் சரியில்லையே."

ஓம், என்றேன்.
சரியில்லாமல்தான் இருந்தது.