எர்த்

மண்டபம், கோயில்வாடி, ஐஸ் கம்பெனி மாடி.
தடைக்காலம் என்பதால் கீழே கம்ப்ரஸர் ஓடவில்லை.
அறுபத்தொரு நாள் அமைதியை
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு வாடகை பேசியிருந்தோம்.
அதில் ஐம்பத்தெட்டு நாள்
வயர் தேடியே போய்விட்டது.

டிபன் பாக்ஸ் அளவில் இன்டர்ஃபேஸ்.
முகத்தில் இரண்டு ஓட்டை.
நாங்கள் வாசிப்பவர் மூவர்,
பொத்தானைத் திருகுகிறவள் நான்.

முதல் ஓட்டையில் நிலோபரின் மைக்:
மூன்று முள், நாற்பத்தெட்டு வோல்ட்.
சுவிட்சைத் தட்டியதும் சின்னதாய் ஒரு விளக்கு.
"கரண்டு மைக்குக்கா, எனக்கா?"
மைக்குக்குத்தான் என்றேன்.
இருந்தும் ஒரு சாண் தள்ளியே நின்றாள்.
அதுதான் சரியான தூரம்;
நான் சொல்லவில்லை.

இரண்டாவதில் ரீகனின் கிடார்.
கேபிளின் கழுத்தில் உப்புக்காற்று பச்சை பூத்திருந்தது.
சுரண்டித் துடைத்துச் செருகிவிட்டு
கிடாருக்கான பொத்தானை அமுக்க மறந்துபோனேன்;
போர்வைக்குள் யாரோ இருமுவது போலிருந்தது
அவன் வாசித்தது, பத்து நிமிடம்.

காட்டுராஜாவுக்கு ஓட்டை மிஞ்சவில்லை.
உறுமியை மடியில் வைத்தபடி
"நான் அப்புறமா?" என்றான்.
அப்புறமா என்றோம்.

அப்போதுதான் கேட்டது,
ம்ம்ம்ம்ம் என்று.
கடல் இல்லை, அது அன்று எண்ணெயாய்க் கிடந்தது.
ரயில் இல்லை, பாலத்தில் ஏற இன்னும் நேரமிருந்தது.
ஹெட்போனுக்குள் ஒரு வண்டு குடிவந்திருந்தது.

சார்ஜரைப் பிடுங்கினோம், கொஞ்சம் குறைந்தது.
ஃபேனை நிறுத்தினோம், வியர்வைதான் கூடியது.
வயர்மேன் பூபாலன் போனில் சொன்னார்:
"எர்த் குழி காஞ்சிருக்கும்.
ஐஸ் ஓடுறப்ப கசியுற தண்ணிதான்
அதை நனைச்சிட்டிருந்துச்சு.
நாலு குடம் ஊத்து. உப்புத் தண்ணின்னா விசேஷம்."

காட்டுராஜா உறுமியை இறக்கிவைத்துவிட்டுப் போய்
கடலை ஐந்து குடம் கொண்டுவந்தான்.
கதவுக் கீலைத் தின்னும், கம்பியைத் தின்னும்,
கிணற்றைத் தின்னும் என்றுதான் கேட்டிருக்கிறேன்;
உப்புத் தண்ணியை ஒருவர் விசேஷம் என்று சொல்லி
இந்த ஊரில் கேட்டது அன்றைக்குத்தான்.

வண்டு அடங்கியது.
போகவில்லை.

ரீகன் கம்பியில் கை வைத்தால் நின்றது,
எடுத்தால் வந்தது.
வைத்தான். எடுத்தான்.
வாசிக்கிற வரைக்கும் கவலையில்லை.
ஆனால் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஓரிடம்:
நிலோபர் ஒரு படகின் பதிவெண்ணை
இலக்கம் இலக்கமாகச் சொல்லி நிறுத்துவாள்.
கடைசி மீட்டல் தானாகத் தேய வேண்டும்,
நான்கு எண்ணிக்கை.
அதற்குள் ரீகன் இரண்டு கையையும் எடுத்து
சர்பத் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தேய்த்த
கண்ணாடிக் குழாயை விரலில் மாட்ட வேண்டும்.

"அப்புறம் வெட்டிரலாமே?"
வெட்டலாம். மீட்டலின் வாலும் சேர்ந்து போகும்.

முழங்காலில் ஊர்ந்து போனேன்.
கம்பிகள் வந்து முடியும் இரும்பில்
(அதற்கும் பிரிட்ஜ் என்றுதான் பெயர்)
ஆள்காட்டி விரலை வைத்தேன்.
வியர்த்த விரல், வெறும் கால், சிமெண்ட் தரை.
நிலோபர் கடைசி இலக்கத்தைச் சொன்னாள்.
ஒன்று.
இரண்டு.
மூச்சை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மூன்று.
நான்கு.

காட்டுராஜாவின் அப்புறம்
இரவு பதினொன்றரைக்கு வந்தது.
"அடிச்ச பொறவுதான் அடி கேக்குது" என்றான்.
பஃபரைக் குறைத்தேன்; அடியும் காதும் ஒன்றாயின.

மூன்றாம் நாள் கீழே கம்ப்ரஸர் எழுந்து
சுவரெல்லாம் உறுமியது.
பேர் போட்டோம்:
குரல் நிலோபர், கிடார் ரீகன், உறுமி காட்டுராஜா,
ஒலிப்பதிவு ஜெனோவா.

மீட்டர் பார்க்க வந்த பூபாலன்
ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.
அந்த நான்கு எண்ணிக்கையில்
கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:
"பாத்தியா,
எர்த் நல்லா புடிச்சிருக்கு."