தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்

"விசைப்பலகையைக் காணவில்லை.
தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்."

கறுப்புத் திரையில் இப்படி வந்ததும்
நான் சிரித்துவிட்டேன்.
யோகமலர் சிரிக்கவில்லை.
"லயத்துக்கு விலாசம் கேட்டுப் போனப்ப
விலாசத்தோட ஒரு கடிதம் கொண்டாங்கன்னாங்க தம்பி,"
என்று சொல்லி
ஒழுக்குக்கு நேரே வாளியை நகர்த்தினாள்.

பொகவந்தலாவை. கீழ்ப் பிரிவு. ஐப்பசி மழை.
பிள்ளைக் காம்பராவின் பின்னறையில்
மாதர் சங்கத்துக்கு வாங்கிய கம்பியூட்டர்:
ஹட்டனில் ஒரு வங்கி ஏலத்தில் கழித்தது,
நாலாயிரம் ரூபாய்,
கொழுந்துச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் வந்தது.
பெண்டியம் நான்கு.
காற்றாடிக்கு அரவை மில்லின் குரல்.

நான் டவுனில் போன் திருத்துகிறவன்.
இதையும் பார்க்கலாம் என்று வாய் தவறிச் சொல்லியிருந்தேன்.
சங்கத்தின் செயலாளர் அவள்.
நேற்று மழையில் பதினாலு கிலோதானாம்,
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டாராம்.
அரைநாள் கூலிக்கு இங்கே
அரைப்பேர் என்று பேர்.

நாங்கள் எதையும் அழுத்தாமலே அது தொடர்ந்தது.
லினக்ஸ் தட்டு சுழன்று
மொழிகளின் பட்டியல் விரிந்தது.
ஆங்கிலத்தின் மேல் நீலப் பட்டை.
தமிழ் கீழே, வெகு கீழே,
தெலுங்குக்கு ஒரு படி மேலே.
கீழ் அம்பை அழுத்தினேன்.
பட்டை அசையவில்லை.
எண்பூட்டின் விளக்குகூட எரியவில்லை.
ஓரத்தில் இலக்கங்கள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன,
இருபது, பத்தொன்பது, பதினெட்டு.
யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால்
பூச்சியத்தில் அது ஆங்கிலமாகிவிடும்.

மூன்று தரம் ஆங்கிலமானது.
மூன்று தரமும் பிளக்கைப் பிடுங்கினேன்.

விசைப்பலகையில் பிழையில்லை,
காலையில்தான் கடையில் தட்டிப் பார்த்தேன்.
பின்னால் நாலு துளை, முன்னால் இரண்டு,
ஆறிலும் ஊமை.
பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
வங்கியில் யாரோ ஒருவர், காவலுக்காக,
இந்தத் துளைகளின் பேச்சைக் கேளாதே என்று
இதன் அடியில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
அழித்துவிடலாம், ஒரு நொடி வேலை.
அழிக்க ஒரு விசைப்பலகை வேண்டும்.

பழைய வட்டத் துளை ஒன்று இருந்தது,
ஊதா நிறம்.
"இந்த மாதிரி வாலுள்ளது எங்கயாவது கிடைக்குமா அக்கா?"
ஒரு நிமிஷம் அந்த ஊதாவைப் பார்த்தாள்.
படங்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

முக்கால் மணித்தியாலம்.
பிளாஸ்டிக் தொட்டில்களுக்கு நடுவே
நான் வாளியை இரண்டு தரம் ஊற்றினேன்.

நஸ்ரினாவின் உரக்கடையிலிருந்து வந்தது அது,
அவள் நனைந்து, அது நனையாமல்.
விசைகளின் இடுக்கெல்லாம் யூரியா வெள்ளை.
ஆறு ஊசிகளில் ஒன்று வளைந்திருந்தது.
சட்டை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள், நிமிர்த்தினேன்.
இதை உயிரோடிருக்கும்போது சொருகக் கூடாது.
அணைத்தேன். சொருகினேன். எழுப்பினேன்.

பச்சை விளக்கு.

டிலீட்டை விடாமல் குத்தியபடி உள்ளே போய்
"வேண்டாம்" என்பதை "வேண்டும்" ஆக்கினேன்.
எஃப் பத்து.
இப்போது இரண்டு பலகைக்கும் காது கொடுத்தது.

அம்பை அவளிடம் விட்டேன்.
தனக்கு விழுந்த நிரையைப் பார்ப்பதுபோல
ஒன்றும் விடாமல் இறங்கினாள்,
அரபு, பர்மியம், டச்சு, எங்கோ நடுவில் சிங்களம்.
தமிழில் நின்றாள்.
இலக்கங்கள் ஏற்கெனவே நின்றிருந்தன,
முதல் விசை பட்டதுமே.

பிறகு அது கேட்டது,
"உங்கள் முழுப் பெயர்?"

யோகமலர் என்னைப் பார்த்தாள்.
"எத்தனை கிலோவுக்கு?"

இந்தத் தடவை அவள்தான் சிரித்தாள்.
எனக்கு வரவில்லை.
யூரியா படிந்த விசைகளில் ஒரு விரலால்
எழுத்துத் தேடித் தேடி அடித்தாள்,
தவறானதை அழித்தாள், திரும்ப அடித்தாள்.
எடை பார்க்க யாருமில்லை.

மூன்று சதவீதம் என்றது திரை.
கரண்ட் போகாவிட்டால் விடியுமுன் முடியும்.
வாளி மறுபடி நிரம்பியிருந்தது.