ஆயிரம் லீற்றர்

வேலணைக் கிணறுகள் உப்பு.
எங்கள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

ஆயிரம் லீற்றர் தண்ணீர், தாங்கி,
டிரெயிலரின் இரும்பு எல்லாமாய்
ஒன்றரைத் தொன் வரும் என்று
மின்சாரப் பட்டியலின் பின்பக்கத்தில்
சகாயசீலி கணக்குப் போட்டாள்.
லான்ட்மாஸ்டர் இனித் தாங்காது.
பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால்
சைக்கிள்காரர் எங்களை முந்திப்போகிறார்கள்,
முந்தும்போது சிரிக்கவும் செய்கிறார்கள்.

கோண்டாவிலில் ஒரு ஹைலக்ஸ்.
கண்ணாடிபோல் மினுங்கியது.
சீற்றில் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை.
சகாயசீலி அதையெல்லாம் பார்க்கவில்லை.
கடதாசியை விரித்து வண்டிக்குக் கீழே படுத்தாள்,
வீட்டுத் திறப்பால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனாள்.
டங், டங், டங்,
பிறகு சத்தமே இல்லாமல்
திறப்பு உள்ளே போய்விட்டது,
அப்பளத்துக்குள் விரல் போனமாதிரி.
"கடல்காத்துத்தானே தங்கச்சி,
உப்பில்லாத வாகனம் யாழ்ப்பாணத்திலை எங்கை?"
அவள் தலைமயிரில் ஒட்டிய துருவோடு எழும்பினாள்.
உப்பு விற்பவனிடமா உப்பு வாங்குவது?

சுன்னாகத்து பஜிரோ
கலியாண வீடுகளுக்கு மட்டும் ஓடியதாம்.
"நாலு சில்லும் இழுக்கிற கியரை
இண்டைவரைக்கும் தொட்டதில்லை" என்றார், பெருமையாக.
நான் தொட்டேன். அசையவில்லை.
அவரும் வந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.
தேத்தண்ணி தந்து அனுப்பினார், பாவம்.

பிறகு மழை. பிறகு ஒரு மாதம் ஒன்றுமில்லை.
பிறகு இருபாலையில், முருங்கைக்குக் கீழே,
பழைய லான்ட்குரூசர் ஒன்று.
ஏதோ நிறுவனத்தின் வண்டி.
கதவில் கழற்றின ஸ்டிக்கரின் இடத்தில்
வெள்ளைக்குள் இன்னும் வெள்ளையாய் ஒரு வட்டம்.
வட்டத்துக்குள் துவக்கு,
துவக்குக்குக் குறுக்கே கோடு.
"தேய்ச்சா போயிடும்" என்றார் நிமலகாந்தன்.

கை பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு,
கிளச்சை மெல்ல விட்டேன்.
எஞ்சின் குலுங்கிச் செத்தது.
நல்லது. சாகாமல் இருந்தால்தான் யோசிக்கவேண்டும்.
புகை கொஞ்சம் கறுப்பு. நீலமில்லை.
சட்டம் முழுக்க டங், டங்.

பின்னால் கொழுவும் குண்டு
ஒருபக்கம் தேய்ந்து பளபளத்தது.
"இது என்னத்தை இழுத்தது?"
"என்னெண்டு தெரியும்? ஜெனரேற்றர்,
தண்ணித் தாங்கி, வன்னியிலை என்னவெல்லாம்..."
நிமலகாந்தன் பாதியில் நிறுத்தினார்.
நானும் மேலே கேட்கவில்லை.
மஞ்சள் கானோடு வரிசையில் நின்ற காலத்தில்
வண்டியை யார் பார்த்தது?
குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சீட்டுக்காசு, லான்ட்மாஸ்டர் விற்ற காசு,
மீதிக்கு லீசிங்.
வட்டத்தைத் தேய்க்கவில்லை.
தேய்க்கத் தனிக்காசு கேட்டார்கள்.

முதல்நாள் பாலத்தில் காற்று அடித்தது.
வண்டி அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.
அல்லைப்பிட்டியில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு
பாரம் குறைந்ததென்று கொஞ்சம் மிதித்தேன்.
மாடு குறுக்கே வந்தது. பிரேக்.
நாங்கள் நின்றுவிட்டோம், தண்ணீர் நிற்கவில்லை:
தாங்கிக்குள் முன்னுக்கு ஓடி
முதுகில் ஓர் இடி இடித்தது.
குறைகுடம் கூத்தாடும் என்று
பள்ளிக்கூடத்தில் நூறுதரம் எழுதியிருக்கிறேன்.
இடுப்பு நோவோடு இன்றுதான் விளங்கியது.

வேலணையில் கடைசி வீடு.
ஒழுங்கை ஒடுக்கம், திருப்ப இடமில்லை,
பின்னுக்குத்தான் எடுக்கவேண்டும்.
இடப்பக்கம் ஒடித்தேன், டிரெயிலர் வலம் போனது.
வலப்பக்கம் ஒடித்தேன், வேலிக்குள் போனது.
இறங்கி ஏறி, இறங்கி ஏறி,
பூவரசுக் கொப்பு மூன்று முறிந்தது.
இழுவையையே எட்டு மாதம் விசாரித்தோம்.
தள்ளுவதைப்பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் குண்டைக் கழற்றி
அந்த வீட்டு ஆட்கள் நாலுபேர், நான், சகாயசீலி
கையாலேயே தள்ளிக்கொண்டு போனோம்,
நாலு சில்லும் இழுக்கும் வண்டி
ஒழுங்கை வாசலில் நின்று பார்த்திருக்க.

"வாங்கமுந்தி ஒருக்கா
பின்னுக்கு எடுத்துப் பாக்கேல்லையோ?" என்றாள்
வீட்டுக்காரி, வாளியை வைத்துக்கொண்டு.
சகாயசீலி பதில் சொல்லாமல்
குழாயை அவிழ்த்தாள்.
பொருத்தில் ஒழுகியது கொஞ்சம்.
அதற்கும் ஒரு வாளி வைத்தார்கள்.