ஐம்பது சைக்கிள்

நூற்று நாற்பத்து மூன்று தட்டுகள்.
செம்புக் கம்பிச் சுருள்களுக்கு மேலே, பலகையில்,
வார்னிஷ் வாடை ஏறாமலிருக்க
பிஸ்கட் டின்களில் அடைத்து வைத்திருக்கிறேன்.

கூத்தாநல்லூரில் இதைக் கேட்கும் கருவி
எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.
சிங்கப்பூரில் கப்பல் பட்டறையை விட்டபோது
கடைசிச் சம்பளத்தில் வாங்கியது.
கூட வந்தவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள்.
சபுரா இன்னும் அதை மறக்கவில்லை.

கூரியர் செங்குட்டுவனுக்கு என் விலாசம் மனப்பாடம்:
ஜெய்னுலாப்தீன், மோட்டார் காயில் கட்டுமிடம்,
ஜப்பான் பார்சல்.
ஒருநாள் கையெழுத்து வாங்கிக்கொண்டே
உள்ளே என்ன என்று கேட்டான்.
செல்லோ, என்றேன்.
எந்த மாடல், என்றான்.

தட்டுக்குள் இரண்டு அடுக்கு.
ஒன்றை எந்தப் பிளேயரும் படித்துவிடும்.
இன்னொன்று இருப்பதே அதற்குத் தெரியாது.
கோடையில் வெண்ணாற்று மணலைத் தோண்டியவர்களுக்கு
இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.
இருந்தும் தனுஷ்கோடியிடம் சொல்லிப் பார்த்தேன்.
முழுக்கக் கேட்டுக்கொண்டார்.
உளுந்தில் புறா இறங்குது பாய்,
பழசு ஒண்ணு இருந்தா குடுங்க, கயித்துல கட்டணும், என்றார்.
கீறல் விழுந்ததைக் கொடுத்தேன்.
வயலின் இரண்டு, வயோலா ஒன்று, செல்லோ ஒன்று
இப்போது அவர் வயலில் பளபளவென்று சுற்றுகின்றன.
புறா வருவதில்லையாம்.

எனக்கு எதிரி நான் கட்டிய மோட்டார்கள்தான்.
மூன்று பேஸ் வந்ததும்
நாலாபுறமும் ஐந்து ஹெச்பி, ஏழரை ஹெச்பி
ஒரே மூச்சில் எழும்.
வோல்டேஜ் நூற்று எழுபதுக்கு இறங்கும்.
குறுவை என்றால் தவளை.
சம்பா அறுப்பென்றால் விடியவிடிய பெல்ட் வண்டி.
ஆக எனக்குக் கிடைப்பது மாசி மாதத்தில் சில ராத்திரிகள்,
ஒன்றே முக்காலுக்கு மேல், சுபுஹு பாங்குக்கு முன்.

அப்படி ஒரு ராத்திரி.
ஹாலந்தில் ஏதோ ஒரு தேவாலயம், பனிக்காலப் பதிவு.
செல்லோக்காரர் வில்லை எடுத்துவிட்டு
அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கிறார்.
நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.
அதற்கும் அடியில்

ம்ம்ம்ம்

எழுந்து போய் பிரிட்ஜை அணைத்தேன்.
மீட்டரைத் தட்டினேன்.
தெருவில் போய் நின்றேன், டிரான்ஸ்பார்மர் பேசாமலிருந்தது.
திரும்பி வந்து அதே இடத்தை வைத்தேன்.
தட்டுக்குள்தான் இருக்கிறது.
சாதா அடுக்கில் வைத்தால் கரைந்துவிடுகிறது.

அது மோட்டார்.
அங்கேயும் ஐம்பது சைக்கிள்தான்.
சின்னது, அரை ஹெச்பிக்குள்,
சுவருக்குப் பின்னால் வெந்நீரையோ காற்றையோ தள்ளுகிறது.
சுற்றுக்கு ஒரு தரம் ஒரு சொரசொரப்பு:
பின்பக்கத்து பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.
கிரீஸ் வைத்தால் நான்கு மாதம்.
வைக்காவிட்டால் காயில் கருகும்.

உலகத்தில் எத்தனை பேர் இந்தத் தட்டை வாங்கியிருப்பார்கள்.
வில்லின் மயிரை எண்ணியிருப்பார்கள்.
பேரிங்கைக் கேட்டவன் நான் மட்டுமாக இருக்கலாம்.
கடிதம் எழுத பேப்பரே எடுத்துவிட்டேன்.
அட்டையைத் திருப்பினால்
பதிவான வருஷம் இரண்டாயிரத்து நான்கு.

சபுரா எழுந்து வந்து
ஏன் பிரிட்ஜ் ஓடவில்லை என்று கேட்டாள்.

அதே தேவாலயத்தில் பிறகு செய்த பதிவைத் தேடி
ஏழு மாதம் அலைந்தேன்.
மோட்டார் ஒன்றைக் கட்டினால் கிடைக்கும் கூலியைப் போல
நான்கு மடங்கு கொடுத்து வாங்கினேன்.
முதல் தட்டின் வரிசை எண் நூற்று நாற்பத்து இரண்டு,
இது நூற்று நாற்பத்து மூன்று.

நேற்றுதான் வைத்தேன்.
மூச்சு இருக்கிறது. நாற்காலி இருக்கிறது.
அடியில் எதுவுமில்லை.
யாரோ மாற்றியிருக்கிறான்.
எனக்குத் தெரியாத ஓர் ஆள்,
கையில் என்னைப் போலவே கிரீஸ் அப்பிய ஆள்,
நன்றாகவே செய்திருக்கிறான்.

அந்த நிசப்தத்தை இரண்டாம் முறை கேட்கும்போது
தனுஷ்கோடியின் மோட்டார் எழுந்தது.
அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
பேரிங் சரியாக இருக்கிறது.