பக்கவாட்டுப் படம்

கொசுக்கடி என்றுதான் நினைத்தார்களாம்.
இடது கீழிமைக்கு ஒரு விரல் கீழே
சிவப்பாய் ஒரு புள்ளி.
இரண்டு சொட்டு ரத்தம், அதுவும் உடனே நின்றுவிட்டது.
பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்கே கூட்டிப் போயிருப்பார்கள்,
பேருந்து நிறுத்தத்தில் பையன்
"விளக்கெல்லாம் இரண்டிரண்டாய்த் தெரியுது" என்று
சொல்லாமல் இருந்திருந்தால்.

சோங்குல்தாக் கடற்கரையில்
ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெவ்தெத் பலூன் கட்டுவான்.
அலைமேல் ஒரு கயிறு, கயிறு நெடுக நாற்பது பலூன்,
கரையில் மடக்குமேசை,
அதன்மேல் பிடி தேய்ந்த காற்றுத் துப்பாக்கி.
பத்துக் குண்டுக்கு இரண்டு தேநீரின் விலை.
"வெறும் காற்றுதானே அண்ணே,
வெடிமருந்தா என்ன?"

காற்றுதான்.
கருங்கடலிலிருந்து அடித்துக்கொண்டு வருவதும் அதுதான்,
ராசிமின் நெஞ்சுக்குள் போகமுடியாமல்
பாதியில் திரும்புவதும் அதுதான்.
ஒன்பது சுட்டாரா பத்தா, எண்ணிக்கை தப்பிவிட்டது.
துப்பாக்கியைத் தாழ்த்தினார். விரல் இன்னும் விசையில்.
எத்தனை பலூன் உடைந்தது என்று எண்ணி முடித்து
அல்பெர் முன்னால் ஓடிவந்தான்.
அப்போது இருமல் வந்தது.

இருபத்திரண்டு வருடம் சுரங்கத்தில் இழுத்த தூசு
விசையை இழுத்தது.

இரவுப் பணியில் நான்.
டாக்டர் ஃபெரிதே தன் தேநீர்க் காகிதக் கோப்பையைக் கவிழ்த்து
வெளியே ஊற்றினார்,
அடிப்பாகத்தை வெட்டி எடுத்துக்
கண்ணைத் தொடாமல் கண்மேல் கூடாரம்போல் ஒட்டினார்.
அழுத்தாதே. கசக்காதே.
மூக்கைச் சிந்தவே சிந்தாதே.
டெட்டனஸ் ஊசிக்குத்தான் அழுதான் பையன்,
அதுவரை அழவில்லை.

முன்பக்கப் படத்தில்
கண்ணின் நட்டநடுவே
இடை சிறுத்த உடுக்கை, பளிச்சென்று வெள்ளையாய்.
என் கை சில்லிட்டது.
முன்படம் எந்த இடம் என்று சொல்லும்,
எவ்வளவு ஆழம் என்று சொல்லாது.
பக்கவாட்டில் திருப்பியபோதுதான் தெரிந்தது:
கண்ணுக்கு அடியில் நுழைந்து,
முட்டைத்தோடு போன்ற எலும்பைக் கீறி,
கண்ணை விட்டுவிட்டு
வெகு பின்னால் போய் ஒடுங்கியிருந்தது.

ஈயமா எஃகா என்று கேட்டார் டாக்டர்.
எஃகு என்றால் இனி வாழ்நாளில்
காந்த ஸ்கேன் பக்கமே போகமுடியாது.
யாருக்கும் தெரியவில்லை.
நள்ளிரவில் ஜெவ்தெத் வந்தான், குண்டு டப்பாவோடு.
இன்னொரு கையில், எதற்கென்று அவனுக்கே தெரியாமல்,
உடையாத பலூன்கள் ஈரமாய்.
குளிர்பெட்டிக் கதவிலிருந்த மீன்வடிவக் காந்தத்தைப் பிய்த்து
ஒவ்வொரு குண்டாய் வைத்துப் பார்த்தோம்.
எதுவும் ஒட்டவில்லை.
சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எடுக்கமாட்டீர்களா?"
"எடுக்கப் போகும் கருவி
பார்வை நரம்பை உரசிக்கொண்டு போகவேண்டும்.
இப்போதைக்கு இருக்கட்டும்.
அவ்வப்போது ரத்தத்தில் ஈயம் பார்ப்போம்."
ராசிம் தலையாட்டினார்.
இருக்கட்டும் என்ற சொல்லை
இதே கட்டடத்தில், இரண்டாம் மாடியில்
ஏற்கெனவே கேட்டிருக்கிறார்.
அவர் நெஞ்சை வருடாவருடம் படமெடுத்தவள் நான்.
கறுப்பாய்ப் போன தூசு
படத்தில் வெள்ளைப் பொரியாய்த் தெரியும்.
என்னை அவருக்கு ஞாபகமில்லை.

அறிக்கையில் ஒன்றை எழுதவில்லை.

பக்கவாட்டுப் படத்துக்கு
பையனின் தலை அசையாமல் யாராவது பிடிக்கவேண்டியிருந்தது.
ராசிமுக்கு ஈய மேலங்கியை நான்தான் மாட்டினேன்.
அதன் கனத்தில் தோள் இறங்கியது.
இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே
கரித்தழும்பு படிந்த விரல்களுக்கு நடுவே
அந்தச் சின்னத் தலை.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
அசையாதே என்று சொல்லியிருக்கவேண்டும்.
பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது:
"மூச்சை இழுத்து, பிடியுங்கள்."

இருவரும் பிடித்தார்கள்.
படம் விழுந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
கண்ணுக்குக் கீழே, கண்ணுக்குக் கீழே, கடவுளே, கண்ணில் இல்லை.
நிமிர்ந்தபோது
பையன் எப்போதோ மூச்சுவிட்டிருந்தான்.
ராசிம் முகம் நீலம் பாரிக்க,
இருமலை எங்கேயோ உள்ளே நெரித்துக்கொண்டு,
கை ஒரு மயிரிழைகூட அசையாமல்
நின்றுகொண்டிருந்தார்,

விடுங்கள் என்று நான் சொல்வதற்காக.