தொலைந்த பொருள்

நாற்பத்தொன்று.
டாக்டர் பேனாவால் வட்டமிட்டுக் காட்டிய எண்.
ஒரு மணி நேரத்தில் அத்தனை முறை
என் மூச்சு நின்றிருக்கிறது.
எனக்குத் தெரியாது.
பக்கத்தில் படுத்திருந்த வெல்டாவுக்குத் தெரியும்.
குறட்டையை அல்ல,
குறட்டை நின்ற இடத்தைத்தான்
பத்து வருடமாக எண்ணிக்கொண்டிருந்தாளாம்:
பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று,
பிறகு முழங்கையால் ஓர் இடி.

இப்போது மூன்று.
தலைமாட்டில் ரொட்டிப்பெட்டி அளவில் ஓர் இயந்திரம்,
மூக்கின்மேல் சிலிகான் மூடி,
காலையில் கன்னத்தில் வார் பதிந்த கோடு.
தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.
அதை நான் மறப்பதில்லை.
மற்றதை மறக்கிறேன்.

மூன்று நல்ல எண்தான்.
"தேறிவிட்டாயே இல்மார்ஸ்" என்று
டிப்போவில் தோளைத் தட்டுகிறார்கள்.
நான் தலையாட்டுகிறேன்,
கழுவாத பால் பாட்டிலின் உள்ளிருந்து
அவர்களைப் பார்த்தபடி.

பத்தொன்பது வருடம் டிராம் ஓட்டினேன்.
பிப்ரவரியில் ஒருநாள்
ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன்.
தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது.
பனியில் நின்ற ஏழு பேரையும் பார்த்தேன்.
கை காட்டியதையும் பார்த்தேன்.
கை காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்
வந்து சேரவில்லை.

சாவியை வாங்கிக்கொண்டு
தொலைந்த பொருள் அறையில் உட்காரவைத்தார்கள்.
ரீகா நகரம் டிராமில் விட்டுப்போவதெல்லாம்
இங்கேதான் வருகிறது.
குடைகள். ஒரு பல்செட்.
ஒற்றைக் கையுறைகள், பெரும்பாலும் இடதுகை,
ஏனென்று யோசித்தால் தலை வலிக்கிறது.
புகையிட்ட மீன் பொட்டலம் (அதை அன்றே எறிந்துவிட வேண்டும்).
ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதிச் சீட்டுக் கட்டுவது என் வேலை.

ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு
கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
எண்ணெய் ஊற்ற உதவும். அம்மாவிடம் இருந்தது.
வெல்டாவிடமும் இருக்கிறது, நீல நிறத்தில்.
பெயர் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில்
கதவைச் சாத்திக்கொண்டது.
"மேலே அகலம், கீழே ஒடுக்கம்" என்று
சீட்டில் எழுதிக் கட்டினேன்.
சாயங்காலம் பாலத்தில் நடக்கும்போது,
டவுகவா ஆற்றில் ஐஸ் பாளங்கள் உரசிப் போக,
சம்பந்தமே இல்லாமல்
புனல், என்றது தலை.
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். புனல்.
எதிரே வந்தவள் நாயை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

பழகிக்கொண்டவை சில உண்டு.
மூன்று மணிக்குமேல் கணக்குப் பார்ப்பதில்லை,
சண்டையும் போடுவதில்லை.
வெல்டா சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன்;
கிண்டல் என்று முதலில் கோபித்தாள்.

நேற்று ஒரு சிறுமி வந்தாள்,
ஒரு கால் ஸ்கேட்டைத் தேடி.
உள்ளே போனேன். அலமாரிகளுக்கு நடுவே நின்றேன்.
திரும்பி வந்தேன்.
"எதைக் கேட்டாய்?"
அவள் சிரிக்கவில்லை.
"ஸ்கேட். வெள்ளை. முப்பத்தாறு."
வாய் நிறையத் தண்ணீரோடு நடப்பவன்போல
அந்த மூன்று சொல்லையும் சிந்தாமல்
கடைசி அலமாரிவரை கொண்டுபோனேன்.
இருந்தது.

"பத்து வருடக் கடன்" என்றார் டாக்டர்,
"ஆறு வாரத்தில் அடையுமா?"
வட்டி எவ்வளவு என்று கேட்க நினைத்தேன்.
வெளியே வந்தபின்தான் வாய் வந்தது.

வெல்டாவுக்கு இப்போது தூக்கமில்லை.
எண்ணுவதற்கு ஒன்றும் இல்லையாம்.
இயந்திரத்தின் ஒரே சீரான காற்றில்
அவள் இருபதைத் தேடிக்கொண்டு கிடக்கிறாள்.

இன்று ஐந்து பத்துக்கு விழிப்பு வந்தது.
முதல் டிராம் வளைவில் திரும்பியது.
ஒரு சக்கரம் தட்டையாகத் தேய்ந்த வண்டி,
டக், டக், டக்.
எனக்குத் தெரியும் இவளை.
மூடிக்குள்ளிருந்தே எண்ணைச் சொன்னேன்:
மூன்று, ஐந்து, ஒன்று, எட்டு.
சரியா என்று கேட்கத் திரும்பினேன்.
வெல்டா வாய் திறந்து
தூங்கிக்கொண்டிருந்தாள்.